மோரீசு பங்களாவின் வளையங்கள்

மருமகள் செல்போனை மூக்குக்கு நேராக நீட்டியபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். "அத்த, இந்த எடந்தான். சனி ஞாயிறு ரெண்டு நாளும் ரூம் போட்டாச்சு. எப்புடி இருக்குன்னு சொல்லுங்க," என்றாள். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எல்லா ரிசார்ட்டும் ஒன்றுதான். பச்சையாக என்னமோ, அதற்கு நடுவில் வெள்ளையாக என்னமோ. எழுந்துபோய்க் கண்ணாடியை எடுக்கச் சோம்பல். கையைத் தள்ளி நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். மலைச்சரிவில் கல்தூண்களின் மேல் தூக்கிக் கட்டிய ஒரு பழைய மரவீடு. சுற்றிலும் அகலமான வராந்தா. வராந்தாவின் உத்தரத்தில் வரிசையாகப் பூச்சட்டிகள் தொங்கின.

பூச்சட்டிகளைப் பார்த்ததும்தான் கீரையை ஓரமாக வைத்தேன். வீட்டை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, பூசிய வெள்ளையில் அது வேறு வீடாக இருந்தது. ஆனால் பூச்சட்டி மாட்டுகிறவன் அளந்து, சமமாக இடம் விட்டுத்தானே மாட்டுவான்? இங்கே முதல் இரண்டு சட்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. அப்புறம் நெருக்கி நெருக்கி மூன்று, அதற்கப்புறமும் இப்படியே தாறுமாறாக. கடைசியில் மூலைத் தூணுக்குப் பக்கத்தில் சட்டி இல்லாமல் ஒரு வளையம் மட்டும். அந்த இடைவெளிகள் எனக்கு மனப்பாடம். முதல் இரண்டு வளையமும் ஒரே வீட்டில் வாக்கப்பட்ட அக்கா தங்கச்சியுடையவை. பெரிய இடைவெளி இருக்கிற இடத்தில் கூரைத் தகரம் ஒழுகும். கடைசி வளையம் மட்டும் படத்தில் கொஞ்சம் பருத்துத் தெரிந்தது. போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க எனக்குத் தெரியாது, மருமகளிடம் கேட்கவும் பிடிக்கவில்லை.

படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததை மகன் படித்துச் சொன்னான். அது கிரியோல் பாணி வீடாம். கடலுக்கு நடுவில் இருக்கிற தீவுகளில் வெள்ளைக்காரர்கள் கரும்புத் தோட்டம் போட்டபோது, தங்கள் ஊர் வீட்டையும் அந்த மண்ணின் வீட்டையும் கலந்து கட்டிய வகையாம். துரைசானிக்குப் பூச்செடி என்றால் உயிராம், அவர் செடி தொங்கவிட்ட வளையங்களை இன்றும் வராந்தாவில் காணலாமாம். கிரியோலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், அது எனக்குத் தெரியாத சங்கதி. வளையத்தைப் பற்றி எனக்குத் தெரியும். "நானும் வர்றேன்," என்றேன். மருமகள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பாவம், இரண்டு பேரும் தனியாகப் போக ஆசைப்பட்டிருப்பார்கள்.

போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும்போது எனக்கு இன்றைக்கும் கையில் எலுமிச்சம்பழம் வேண்டும். காருக்குள் ஏசி ஓடுகிறது, யாரோ பாடுகிறார்கள், வளைவுகளைக் கார் சத்தமில்லாமல் திரும்புகிறது. ஆனாலும் நாலாவது வளைவில் வயிறு தன் பழைய ஞாபகத்தைக் காட்டிவிடும். பழத்தை நகத்தால் கீறி முகர்ந்தேன். அந்த வாசனையோடு, தினமும் போடியில் இருந்து தோட்ட வேலைக்கு ஏறிய பழைய ஜீப்பின் டீசல் வாசனையும், பதினெட்டுப் பெண்களின் தூக்குச்சட்டிகளில் இருந்து வரும் ஊறுகாய் வாசனையும், ஈரச் சாக்கு வாசனையும் ஒன்றாக ஏறி வந்தன.

முதல் நாள் நான் அந்த ஜீப்பில் ஏறியது ஒரு கைப்பையோடும் புதுக் குடையோடும். சிலமலையில் இருந்து விடிவதற்கு முன்னால் அப்பா சைக்கிளில் கொண்டுவந்து போடியில் விட்டார். எனக்கு இருபது வயது. பத்தாவது பாஸ். எங்கள் தெருவில் பத்தாவது பாஸ் பண்ணிய இரண்டாவது பெண் நான், அந்தக் கர்வம் கைப்பையிலும் குடையிலும் தெரிந்திருக்கும். மலைத்தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று சொல்லித்தான் ஜீப் டிரைவர் அண்ணன் அப்பாவிடம் பேசியிருந்தார். நான் அதை டீச்சர் வேலை என்று முடிவு பண்ணிக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. கைப்பையில் இரண்டு சாக்பீஸ்கூட வைத்திருந்தேன், இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மேலே போய்ப் பார்த்தால் கரும்பலகை எங்கே, பெஞ்சு எங்கே? பதினாலு தொட்டில், பதினாலு கைக்குழந்தை. அதில் ஒன்பது அழுதுகொண்டிருந்தன.

தோட்டங்களில் அதற்குப் பிள்ளைக்காம்பரா என்று பேர். தாய்மார்கள் ஏலக்காய் எடுக்கக் காட்டுக்குள் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். அப்படி ஒன்று இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த எஸ்டேட்டில் அதற்கென்று தனியாகக் கட்டடம் கட்டாமல், பூட்டிக் கிடந்த பெரிய பங்களாவின் கிழக்கு வராந்தாவைக் கொடுத்திருந்தார்கள். உள்ளே அறைகள் எல்லாம் பூட்டு. வராந்தா மட்டும் எங்களுக்கு. காலையில் பனிமூட்டம் விலகியதும் முதல் வெயில் அங்கேதான் விழும். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் மணி அடிப்பார்கள். பால் கட்டிய மார்போடு பெண்கள் ஓடிவந்து படிகளில் ஏறுகிற சத்தம் மரப்பலகையில் தடதடவென்று கேட்கும், அதுவரை அழுத பிள்ளைகள் அந்தச் சத்தத்திலேயே அடங்கிவிடும். நான் ராகம் போட்டுப் பாடினதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அந்த வீட்டை எல்லோரும் மோரீசு பங்களா என்றார்கள். கட்டிய துரை, இப்போது மொரீசியஸ் என்கிறார்களே, அந்த மோரீசுத் தீவில் பிறந்து வளர்ந்தவராம். அங்கே கரும்பு போட்ட குடும்பம். அங்கே என்ன ஆயிற்றோ, கப்பலேறி இந்தப் பக்கம் வந்து, காட்டைத் திருத்திக் காப்பி போட்டு, காப்பி நோய் விழுந்து, ஏலக்காய்க்கு மாறியவர் என்பது ஒரு கதை. அவர் வெறும் மேஸ்திரி, துரை வேறு ஆள் என்று இன்னொரு கதை. இரண்டுக்கும் சாட்சி இல்லை. வீடு மட்டும்தான் சாட்சி. பிறந்த ஊரில் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தாரோ அதையே ஒரு ஆணிகூட மாற்றாமல் மலைச்சரிவில் கட்டியிருக்கிறார் மனுசன். ஆள் குனியாமல் நடக்கலாம் என்கிற உயரத்துக்குக் கல்தூண் எழுப்பி, அதன் மேல் பலகைத் தளம். நாலு பக்கமும் வராந்தா. உள்ளே ஓர் அறையில் இருந்து இன்னோர் அறைக்குப் போக நடைவழி கிடையாது, எல்லா அறையும் வராந்தாவில்தான் திறக்கும். கதவுகள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே, சாய்த்து வைத்த மரச்சட்டங்களால் ஆனவை, மூடினாலும் காற்று வரும். செங்குத்தான கூரை.

கடற்காற்றுக்கும் வெக்கைக்கும் கட்டவேண்டிய வீடு அது. இங்கே, மே மாதத்திலும் கம்பளி தேடுகிற மலையில், அதைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? வெக்கையைப் போக்க விட்ட வழியில் எல்லாம் பனி வந்தது. தளத்துக்கு அடியில் மேகம் புகுந்து, பலகை இடுக்கு வழியாக மேலே வரும். தரையில் உட்கார்ந்து பார்த்தால் பால் பொங்குவது போல இருக்கும். துரை அந்த வீட்டில் இரண்டு மழைக்காலத்தைத் தாங்கினார், மூன்றாவதில் நெஞ்சுச்சளி வந்து கீழே இறங்கியவர் திரும்பவில்லை என்று கங்காணி சொல்லுவார். பிறந்த மண் ஞாபகத்தில் ஒரு மனிதன் செய்த தவறு என்று நினைத்தால் எனக்கு அவர் மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது. அதற்கப்புறம் எஸ்டேட் போடிக்கார முதலாளி கைக்கு வந்தது. அவர் அந்த வீட்டில் ஒரு ராத்திரியும் தங்கியதில்லை. வெகுகாலம் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். அதனால் அந்தப் பலகைகளுக்குள் ஏல வாசம் இறங்கியிருந்தது. வெயில் ஏற ஏற வீடே மணக்கும். பங்களாவில் விட்ட பிள்ளைகளின் உச்சந்தலையை மோந்து பார்த்தாலும் அந்த வாசம் அடிக்கும்.

துரைசானி என்று ஒருத்தி இருந்ததாக நான் ஒரு வாயிலும் கேட்டதில்லை. வளையங்கள் வந்த கதை இது. எங்கள் பக்கம் பிள்ளைக்குத் தொட்டில் போடுவது தாய்மாமன் முறை. லயம் என்று சொல்லுகிற அந்த வரிசை வீடுகளில் தொட்டில் கட்ட உத்தரமும் கிடையாது, மரத்தொட்டில் வாங்க வசதியும் கிடையாது. அதனால் மாமன்கள் ஒரு இரும்பு வளையத்தை அடித்துக்கொண்டு வந்து பங்களா வராந்தாவின் உத்தரத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். யார் முதலில் செய்தார்களோ, அதுவே வழக்கமாகிவிட்டது. வளையம் இறக்குகிற அன்றைக்கு அவல், பொரிகடலை, மாமனுக்குத் துண்டு. அந்த வளையத்தில் அந்தப் பிள்ளை, அப்புறம் அதன் தம்பி தங்கை. வேறு யாரும் சேலை போடமாட்டார்கள். தாய் காலையில் தன் பழைய சேலையை வளையத்துக்குள் நுழைத்து முடிச்சுப் போடுவாள், சாயங்காலம் அவளே அவிழ்த்து எடுத்துப் போவாள். அடுத்தவள் கட்டிய தொட்டிலை வேறு கை அவிழ்த்தால் பிள்ளைக்கு ஆகாது. வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாது. முதல் வாரம் நான் தெரியாமல் ஒரு வெறுந்தொட்டிலைத் தள்ளிவிட்டு, "அய்யய்யோ ஆத்தா, நிப்பாட்டு," என்று நாலு பக்கமிருந்தும் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அப்படிச் சத்தம் போட்டவர்களில் முதல் குரல் பஞ்சவர்ணத்துடையது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அந்த மூலை வளையம் அவள் மகள் செல்விக்கு. பஞ்சவர்ணத்துக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. செல்வி பிறந்தபோது பங்களாவின் கதவுச்சட்டங்களை மாற்ற வந்திருந்த மலையாளத்து ஆசாரி விஷயத்தைக் கேட்டு, "ஞான் மாமன் ஆய்க்கோளாம்," என்று தானே வளையம் இறக்கிவிட்டு, அவல் தின்றுவிட்டுப் போனாராம். இதைப் பஞ்சவர்ணம் மாதம் ஒரு தடவையாவது சொல்லுவாள். நான் டீச்சர் என்று கூப்பிடச் சொன்னதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "டீச்சராம்ல. எம்மக மொதல்ல உங்கிட்ட எதப் படிக்கப் போறா, ஒண்ணுக்குப் போகவா?" என்றாள். ஆனால் தன் தூக்குச்சட்டியில் எனக்கென்று ஒரு கை சோறு கூடுதலாக வைத்துக்கொண்டு வருவாள். கருவாட்டுக் குழம்பு வைத்தால் துண்டு எனக்குத்தான்.

இரண்டாவது வருடம் போடி முதலாளி காலமாகி, எஸ்டேட் மகன் கைக்கு வந்தது. மகனுக்கு அந்தப் பங்களாவைத் தனியாக விற்றுவிட யோசனை. மதுரையில் இருந்து ஒரு பார்ட்டி பார்க்க வருகிறது, திங்கட்கிழமை, அதற்குள் வராந்தாவைக் காலி பண்ணுங்கள் என்று உத்தரவு. பிள்ளைக்காம்பராவை ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றச் சொன்னார்கள். ஸ்டோர் என்பது பச்சைக் காயை விறகு வைத்து உலர்த்துகிற கட்டடம். காய் எடுப்பு நேரத்தில் அடுப்பு அணையாது. மூட்டம் இறங்குகிற நாட்களில் புகை மேலே ஏறாமல் அந்தக் கொட்டகையில்தான் போய் உட்காரும்.

பெண்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பஞ்சவர்ணம் மேனேஜர் முன்னால் நின்று, "பொகைக்குள்ள பிள்ளையப் போட்டுட்டு எங்க கையி எப்புடிய்யா காய் எடுக்கும்? நாங்க வரல," என்றாள். மேனேஜர் கோட்டயத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை. "நான் என்ன செய்ய, முதலாளி பறஞ்சா பறஞ்சதுதான்," என்று கையை விரித்தார். அன்று சாயங்காலம் பஞ்சவர்ணம் வராந்தாவில் எல்லோரையும் நிறுத்திவைத்தாள். "இன்னைக்கு யாரும் தொட்டில அவுக்காதீக. கெடக்கட்டும். அடுத்தவ தொட்டில அவுக்குற கை இந்த மலைல எவனுக்கு இருக்குன்னு பாப்போம்," என்றாள். வெறுந்தொட்டில் தொங்கக்கூடாதே? அதனால் ஓடையில் இருந்து கல் எடுத்துக் கழுவி, மஞ்சள் தடவி, தொட்டிலுக்கு ஒன்றாகப் படுக்க வைத்தார்கள். பஞ்சவர்ணம் மட்டும் வீட்டு அம்மியின் குழவியையே கொண்டுவந்து தன் தொட்டிலில் போட்டாள். பெயர் வைக்கிற அன்றைக்குக் குழவியைத்தான் முதலில் தொட்டிலில் போடுவோம், அதுதான் முறை என்றாள். பகலில் பிள்ளை, சாயங்காலம் ஆனால் கல். இப்படி ஒன்பது நாள். சட்டினி இல்லாத சோற்றை எத்தனை நாளைக்குத் தின்பது என்று அவள் புருஷன் லயத்தில் புலம்பிக்கொண்டு திரிந்தார்.

ஒருத்தரும் தொடவில்லை. கங்காணியைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னதற்கு, "சார், எனக்கும் பேரப்பிள்ளைக இருக்குதுக," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாட்ச்மேன் லீவு போட்டான். மேனேஜரே ஒருநாள் வந்து ஒரு முடிச்சுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடாமலே கையை இறக்கிக்கொண்டார். ஊரில் அவருக்கு இரண்டு வயதில் ஒரு பெண் இருந்தாள். பெண்கள் ஜெயித்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதற்கு முன்னால் யாரும் என்னை அந்த ஆபீசில் உட்காரச் சொன்னதில்லை. "மோளே, நீ அந்தப் பிள்ளைங்கள ஆட்டுற கை. நீ அவுத்தா ஒரு தோஷமும் இல்ல," என்றார். அடுத்து, கீழே ஒரு ஊரில் பால்வாடிக்கு டீச்சர் எடுக்கிறார்கள், முதலாளிக்குத் தெரிந்தவர்கள்தான், ஒரு லெட்டர் போதும் என்றார். அவர் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் நான் அழுதுகொண்டே போய்ப் பஞ்சவர்ணத்திடம் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்கள் சாமான் வாங்கப் போடிக்கு இறங்குவார்கள். அன்று மத்தியானம், ஸ்டோருக்குச் சாமான் ஏற்றி வந்த ஜீப்பில் நான் மேலே போனேன். அந்தப் பெண்களிடம், எனக்கு வீட்டில் சோலி இருக்கு என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன். வராந்தாவில் யாரும் இல்லை. தொட்டிலில் இருப்பது கல்தானே, பிள்ளையா என்று சொல்லிக்கொண்டேன். பிள்ளை பெறாதவளுக்கு இந்த முறையெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். பதிமூன்று முடிச்சுகள் சுலபமாக அவிழ்ந்தன. ஒவ்வொரு சேலையையும் மடித்து, அதன் மேல் அதனதன் கல்லை வைத்தேன், ஏதோ அப்படி மடித்து வைத்தால் பாவம் குறைந்துவிடும் என்பது போல. பதினாலாவது, மூலையில், பஞ்சவர்ணத்தின் வாடாமல்லிக் கலர்ச் சேலை. அவள் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள். ஒன்பது நாள் மூட்டத்தில் நனைந்து அது இறுகிக் கிடந்தது. குழவியின் கனம் வேறு. இரண்டு நகம் ஒடிந்தது. மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது, ஜீப்காரர் கீழே ஹாரன் அடித்தார். பங்களாவுக்கு அடியில் விறகுக்குப் பக்கத்தில் ஒரு கவாத்துக் கத்தி கிடந்தது. எடுத்துவந்து முடிச்சுக்குக் கீழே அறுத்தேன். குழவி பலகையில் விழுந்த சத்தம் அந்த வீடு முழுக்கக் கேட்டது. முடிச்சு வளையத்திலேயே நின்றுவிட்டது. அதை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். சண்டை போடுவார்கள் என்று நினைத்திருந்தேன், அதற்குப் பதில்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவிழ்க்க ஒரு கை கிடைத்துவிட்டது என்பதோடு அவர்கள் பிடிவாதமும் முடிந்துவிட்டது. அவரவர் சேலையை எடுத்துக்கொண்டு, கல்லை ஓடைப் பக்கம் வீசிவிட்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு இறங்கினார்கள். பஞ்சவர்ணம் தன் சேலையை விரித்துப் பார்த்தாள். வெட்டுப்பட்ட ஓரத்தை விரலால் தடவினாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள், ஒடிந்த நகத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. "முடிச்ச அவுத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் ஆத்தா. அறுத்துட்டியே," என்றாள். குழவியைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பதினோரு மணிக்கு மதுரைப் பார்ட்டி காரில் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும். அந்த அம்மாள் வராந்தாவில் ஏறி நின்றதும் பலகை இடுக்கில் இருந்து மேகம் கிளம்பி அவர் பட்டுச்சேலைக் கரையை மூடியது. "ஆத்தாடி, இதுக்குள்ள மனுசன் எப்புடி இருக்கிறது?" என்று இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டார். அரைமணி நேரத்தில் கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்கள் வாங்கவில்லை. அதற்கப்புறமும் பல வருடம் யாரும் வாங்கவில்லை. மோரீசு துரையை விரட்டிய அதே குளிர்தான். ஆனால் காலி பண்ணிய வராந்தாவை முதலாளி மகன் திருப்பிக் கொடுக்கவில்லை, படிக்கட்டில் முள்கம்பி கட்டிவிட்டார். ஒன்றுக்கும் ஆகாத காரியத்துக்காக நான் அந்தப் பதினாலு தொட்டிலையும் இறக்கினேன் என்பது எனக்கு அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கே தெரிந்துவிட்டது.

கொட்டகையில் பிள்ளைகள் இருமின. பஞ்சவர்ணம் செல்வியை அங்கே கொண்டுவரவே இல்லை. கூடையில் வைத்துக் காட்டுக்குள் தூக்கிப்போய், ஏலச்செடிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு காய் எடுத்தாள். அட்டை கடித்த பிள்ளையின் காலை ஒருநாள் தூரத்தில் இருந்து பார்த்தேன். மழை ஓய்ந்ததும் அவள் குடும்பம் மலையைவிட்டே கிளம்பிவிட்டது. திருப்பூருக்கு என்று சொன்னார்கள். சாயங்கால ஜீப்பில் நானும் இருந்தேன். அவள் எதிரே, மடியில் செல்வி, காலடியில் சாக்கில் கட்டிய அம்மியும் குழவியும். ஜீப் போடிக்கு வந்து நின்றது. இறங்கும்போது செல்வியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "போயிட்டு வர்றோம் டீச்சர்," என்றாள். கேலி இல்லை. எவ்வளவோ கெஞ்சியும் அவள் வாயில் வராத அந்த வார்த்தையை அன்றைக்கு அவளாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

லெட்டர் வந்தது. நான் டீச்சர் ஆனேன். முப்பத்தைந்து வருடம் பால்வாடி டீச்சர். ஊரில் என் பேரே மறந்து டீச்சரம்மா ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடும்வரை, அந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்று நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை கார் போய் நின்றபோது லயம் இருந்த இடத்தில் நீச்சல்குளம் இருந்தது. ஸ்டோர் இல்லை, தகரக் கொட்டகை இல்லை. காய் எடுக்க இப்போது அஸ்ஸாம் பக்கத்து ஆட்கள் வருகிறார்களாம். பங்களா மட்டும் அப்படியே. பலகை இடுக்கெல்லாம் அடைத்து, கதவுச்சட்டங்களுக்கு உள்ளே கண்ணாடி போட்டு, ஒருவழியாகக் குளிரைத் தடுத்துவிட்டார்கள். உள்ளே போனதும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். பெயிண்ட் வாசம்தான் வந்தது. ஏல வாசம் போய்விட்டது. கிழக்கு வராந்தாவில் இரண்டு பேர் காப்பி குடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு அங்கே படியில் தடதடவென்று யாரும் ஓடி வரவில்லை.

சூப்பர்வைசர் ராஜாக்காட்டுக்காரர், நல்ல தமிழ் பேசினார். நான் மூலை வளையத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "அது ஒண்ணுல மட்டும் சட்டி மாட்ட முடியலம்மா. வளையத்துல பெயிண்ட்டு உருண்டு கட்டியா கெடக்கு," என்றார். ஒரு நாற்காலி கேட்டேன். மருமகள் பயந்துபோய் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஏறி நின்று கட்டியைத் தொட்டேன். கல்லாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். முதலில் வெள்ளை, அதற்குள் பச்சை, அதற்குள் மறுபடி வெள்ளை உதிர்ந்தது. அதற்கும் அடியில், வெயிலோ மழையோ தொடாமல், வாடாமல்லி நிறம் அப்படியே இருந்தது. இரட்டை முடிச்சு.

"இருங்கம்மா, கத்தி கொண்டாறேன். வெட்டி எடுத்துருவோம், ரொம்ப நாளா நெனைச்சுக்கிட்டே இருக்கேன்," என்று சூப்பர்வைசர் திரும்பினார்.

"வேண்டாம்ப்பா," என்றேன். "அது பெத்தவ வந்துதான் அவுக்கணும்."

அவர் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார். பஞ்சவர்ணம் உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. செல்விக்கே இப்போது நாற்பதுக்கு மேல் வயதிருக்கும், பேரன் பேத்திகூட எடுத்திருப்பாள். நாற்காலியில் இருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருமகள் என் முன்னால் குந்தி, சேலையில் உதிர்ந்த பெயிண்ட்டைத் தட்டிவிட்டாள்.

"யாரு அத்த பெத்தவ? என்ன முடிச்சு அது?" என்றாள்.

"பஞ்சவர்ணம்னு ஒருத்தி," என்றேன். "அவ பிள்ள தொட்டில நாந்தான் அறுத்தேன்."